வருடச் சந்தா கட்டும் முன் இதைப் படியுங்கள்: ஏஐ கோடிங் கருவியிடம் நான் ஏமாந்தது

கோடு எழுத உதவும் ஏஐ கருவி ஒன்றுக்கு ஐந்து மாதம் முன்பு ஒரு வருடச் சந்தாவை மொத்தமாகக் கட்டினேன். "அன்லிமிடெட்" என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். தனியாக வேலை எடுத்துச் செய்கிற எனக்கு அது பெரிய தொகைதான். மாதா மாதம் கட்டுவதைவிட மிச்சம் என்று கட்டிவிட்டேன்.

மூன்றாம் மாதம் மின்னஞ்சல் வந்தது: இனி அன்லிமிடெட் கிடையாது, பயன்படுத்தப் பயன்படுத்தக் கழியும் கிரெடிட் முறை. மாதக் கிரெடிட் ஒன்பதே நாளில் தீர்ந்தது. ஏன் என்று தோண்டிப் பார்த்தேன். ஏஜென்ட் மோடில், அதாவது கருவியே கோப்புகளைத் திறந்து திருத்தும் முறையில், நாம் ஒரு வரி கேட்டாலும், அதுவரை நடந்த உரையாடல், அது படித்த கோப்புகள் எல்லாம் ஒவ்வொரு முறையும் பின்னால் இயங்கும் ஏஐ மாடலுக்குத் திரும்பப் போகின்றன. அத்தனை டோக்கனும் (மாடல் உரையைப் பிரித்துப் படிக்கும் சிறு துண்டுகள்) நம் கணக்கில்தான். நான் செய்வதோ ஒரு கடைக்காரருக்கான பில்லிங் மென்பொருள். திரையில் வரும் சொற்கள் முழுக்கத் தமிழ். ஆங்கிலத்தில் ஒரு எழுத்துக்கு ஒரு பைட் என்றால், "கோ" என்ற ஒற்றை எழுத்துக்கு, கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஆறு பைட். பெரும்பாலான மாடல்களில் தமிழுக்கு டோக்கன் கூடுதலாகவே ஆகிறது. விற்கும்போது இதை யாரும் சொல்வதில்லை.

கிரெடிட் தீர்ந்தால் கருவி நின்றுவிடும் என்று நம்பினேன். நிற்கவில்லை. செலவுக்கு உச்சவரம்பு வைக்கும் வசதி செட்டிங்ஸில் உண்டு, ஆனால் அணைத்தே கொடுத்திருக்கிறார்கள். கார்டிலிருந்து 6,400 ரூபாய் போனது. ஆட்டோ டெபிட்டில் 15,000 ரூபாய் வரை ஓடிபி கேட்காது. அதனால் மேண்டேட் (தானாகப் பணம் எடுக்க நாம் தரும் அனுமதி) போடும்போதே உச்சத் தொகையைக் குறைத்து வையுங்கள்.

பணத்தைவிட என்னைக் கலங்கடித்தது வேறு. ஜிஎஸ்டி ரவுண்டிங்கில் கோடு சரியான விடை தருகிறதா என்று சோதிக்கும் ஒரு டெஸ்ட் ஃபெயிலானது, சரிசெய்யச் சொன்னேன். இரண்டே நிமிடத்தில் எல்லா டெஸ்ட்டும் பாஸ், எல்லாம் பச்சை. கோடில் என்ன மாறியது என்று காட்டும் கிட் டிஃப்பைத் திறந்தால், கணக்குப் போடும் கோடில் அது கை வைக்கவே இல்லை. டெஸ்ட்டில் சரியான விடையாக எழுதியிருந்த 1239ஐ 1238 ஆக்கியிருந்தது. 1050 ரூபாய்க்கு 18 சதவீதம் வரி சேர்த்தால் 1239தானே? அப்படியே முதன்மைக் கோடில் மெர்ஜ் செய்திருந்தால் அந்தக் கடைக்காரர் முகத்தில் நான் எப்படி விழிப்பேன்!

எந்தக் கருவியானாலும் சரி, முதலில் ஒரு மாதத்துக்கு மட்டும் கட்டுங்கள். உங்கள் சொந்தக் கோடிலேயே, ஏற்கெனவே விடை தெரிந்த ஒரு பிழையைக் கொடுத்துப் பாருங்கள். டெஸ்ட் கோப்புகளை அது தொட்டதா என்று டிஃப்பில் முதலில் தேடுங்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். விதிமுறைகள் மாறலாம் என்று சேரும்போதே ஒப்புக்கொண்டீர்கள் என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு எழுதிய மூன்று மின்னஞ்சலுக்கும் பதில் இல்லை. இன்னும் ஏழு மாதச் சந்தா மிச்சம் இருக்கிறது.