ஸ்பிரிங் என்று காசு வாங்கினார்கள், ஸ்பேசர் போட்டுக் கொடுத்தார்கள்

கொழும்பில் டபுள் கெப், ஜீப் வைத்திருப்பவர்கள் முன்பக்கத்தை உயர்த்தக் காசு கட்டுவதற்கு முன் இதை ஒருமுறை வாசித்துவிடுங்கள். கடையின் பெயரைப் போடவில்லை. முறைப்பாடு கொடுத்திருக்கிறேன், அது அதன் வழியில் நடக்கட்டும்.

என்னுடையது ஹைலக்ஸ் டபுள் கெப். வீடு வெள்ளவத்தையில், ஓட்டம் பெரும்பாலும் பொகவந்தலாவைப் பக்கம் தோட்டப் பாதைகளில். கெப் வாகனங்கள் பொதுவாகவே முன்பக்கம் சற்றுத் தாழ்ந்துதான் நிற்கும். பின்னால் பாரம் ஏற்றினால் மட்டமாக வரவேண்டும் என்று அப்படிச் செய்கிறார்கள். பாரமில்லாமல் ஓடுபவனுக்கு அது தொல்லை. மேட்டில் ஏறும்போது பம்பர் உரசும். அதற்காக முன்பக்கத்தை மட்டும் ஒன்றரை, இரண்டு அங்குலம் உயர்த்துவதைத்தான் லெவலிங் கிட் என்கிறார்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியபோது பழைய கெப்புக்கெல்லாம் விலை எங்கேயோ போனது. நானும் புதிது வாங்கும் எண்ணத்தை விட்டு, இருப்பதையே நன்றாக வைத்துக்கொள்வோம் என்று இந்த வேலையில் இறங்கினேன்.

பேசிய கணக்கு இது: முன்னுக்கு இரண்டு புதிய ஸ்பிரிங், இரண்டு ஷொக் அப்சோபர், வீல் அலைன்மென்ட், கூலி, எல்லாம் சேர்த்து இரண்டரை இலட்சம் ரூபா. உரிமையாளர் பெட்டியைத் திறந்து புத்தம் புதிய ஸ்பிரிங்கை எடுத்தே காட்டினார். "அண்ணே, ஒண்டுக்கும் யோசிக்காதீங்க. ரெண்டு இஞ்சி கச்சிதமா ஏறும்" என்றார். பின்னேரம் வாகனத்தை எடுக்கப் போனபோது பார்வைக்கு அம்சமாகத்தான் நின்றது. அங்கே நின்ற பையன்கள் படம்கூட எடுத்தார்கள்.

கொட்டாவையில் அதிவேகப் பாதையில் ஏறியதும் விளங்கிவிட்டது. ஸ்டியரிங் நேராக நிற்கவில்லை. எந்நேரமும் பிடித்துத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டியிருந்தது. வேகத்தடையில் ஏறி இறங்கினால் முன்னால் 'டக்' என்று இரும்பில் இரும்பு அடிக்கும் சத்தம். குழியில் விழுந்தால் அடியில் இன்னொரு இடி. எதிரே வருகிறவர்கள் எல்லோரும் எனக்கு லைட் அடித்தார்கள். மூக்கு எழும்பினால் ஹெட்லைட்டும் எழும்பும். அதை இறக்கிவிடுவது சின்ன வேலை, அதையும் செய்யவில்லை. கடைக்கு அழைத்துச் சொன்னால், "புது ஸ்பிரிங் அண்ணே, கொஞ்ச நாள் ஓடினா செட்டாகும்." இந்தப் பதில் வந்தால் உடனே வேறு இடத்தில் காட்டிவிடுங்கள். புது ஸ்பிரிங் ஓட ஓடக் கொஞ்சம் அமரும், உண்மைதான். ஆனால் இரும்பு முட்டுகிற சத்தம் ஓடித் தீராது.

தெமட்டகொடையில் எனக்கு வழக்கமாக வேலை செய்யும் மெக்கானிக் பாஸ் சக்கரத்தைக் கழற்றினார். ரிம்மின் உட்புறம் முழுக்கக் கறுப்பு கிரீஸ் தெறித்திருந்தது. முன் சக்கரத்தைச் சுழற்றும் டிரைவ் ஷாப்டின் ரப்பர் பூட், அதாவது கிரீஸை மூடிவைக்கும் உறை, மடிப்போடு கிழிந்திருந்தது. ஸ்பிரிங் மட்டும் பளபளவென்று கறுப்பாக இருந்தது. பாஸ் கட்டைவிரல் நகத்தால் ஒரு கீறு கீறினார். ஸ்பிரே பெயின்ட் செதிலாக உரிந்தது, அடியில் துரு. "மாத்தயா, இது உங்கட பழைய ஸ்பிரிங்" என்றார். கழுவி, பெயின்ட் அடித்து, அதே இடத்தில் மாட்டியிருக்கிறார்கள். ஷொக் அப்சோபரும் அப்படியே. உயரம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், மேலே ஷொக் தலைக்கும் வாகனச் சட்டத்துக்கும் நடுவில் லேத்தில் கடைந்த அலுமினியத் துண்டு ஒன்று. ஸ்பேசர் என்பது இதைத்தான். கடைந்த கோடுகூட மழுக்கப்படவில்லை. மார்க்கர் பேனாவால் ஒரு பக்கம் 'எல்', மறுபக்கம் 'ஆர்' என்று எழுதியிருந்தது.

துண்டின் தடிப்பு கிட்டத்தட்ட 40 மி.மீ. இங்கேதான் பலருக்குத் தெரியாத ஒரு விஷயம் இருக்கிறது. ஹைலக்ஸ் மாதிரி வாகனத்தில் ஸ்பிரிங் நிற்பது சக்கரத்தைத் தாங்கும் கீழ் ஆர்மின் நடுவில், சக்கரம் இருப்பது நுனியில். அதனால் மேலே 25 மி.மீ. தகடு வைத்தால் சக்கரத்தில் 40 முதல் 50 மி.மீ. வரை ஏறும். இரண்டு அங்குலத்துக்கு 25 மி.மீ. அளவிலேயே போதும். இவர்கள் வைத்த துண்டுக்கு முன்பக்கம் மூன்று அங்குலம் அளவில் ஏறியிருந்தது. அந்த உயரத்தில் டிரைவ் ஷாப்ட் கோணம் கூடிப் பூட் கிழியும். சக்கரம் முழுதாகத் தொங்கும்போது மேல் ஆர்ம் ஸ்பிரிங்கில் முட்டும், அதுதான் அந்த 'டக்'. குழியில் விழும்போது பம்ப் ஸ்டொப் என்ற ரப்பர் கட்டை தாங்குவதற்கு முன்பே ஷொக் உள்ளே முட்டிவிடும். காஸ்டர், அதாவது முன் சக்கரம் திரும்பும் அச்சு பின்னால் சாயும் கோணம், குறைந்து ஸ்டியரிங் அலையும். பாஸ் சொல்லி அலைன்மென்ட் பார்க்கப் போனேன். தாளில் காஸ்டர், கேம்பர், டோ என்ற மூன்று சக்கரக் கோணங்களும் சிவப்பில், அதாவது அளவுக்கு வெளியே, வந்தன. அலைன்மென்டுக்கும் காசு வாங்கியவர்கள் மெஷினில் ஏற்றவே இல்லை.

தாளையும் படங்களையும் கொண்டுபோய் உரிமையாளர் முன் வைத்தேன். கொஞ்சமும் கலங்கவில்லை மனுஷன். "நீங்க கேட்டது உயரம். உயரம் வந்திச்சா இல்லையா?" என்றார். பழைய ஸ்பிரிங்கைத் தாருங்கள் என்றேன். பழைய இரும்புக்காரன் கொண்டுபோய்விட்டானாம். அந்த ஸ்பிரிங் வாசலில் நின்ற என் வாகனத்திலேயே இருந்தது! பற்றுச்சீட்டை எடுத்துப் பார்த்தால், 'முன் லிஃப்ட் வேலை' என்று ஒரே வரி, கீழே தொகை. ஸ்பிரிங் என்ற சொல்லே அதில் இல்லை. நான்காம் வகுப்புப் பிள்ளைகூடக் கண்டுபிடிக்கும் பொய்யைச் சிரித்துக்கொண்டே சொல்வதற்கு அந்த ஒரு வரிதான் அவருக்குத் துணிச்சல் கொடுத்தது.

ஸ்பேசர் எல்லாமே மோசம் என்று சொல்லவரவில்லை. அளவான தடிப்பில், நல்ல உலோகத்தில், ஒழுங்காகப் பூட்டி அலைன்மென்ட் செய்தால் நகர ஓட்டத்துக்குப் போதும், செலவும் குறைவு. ஸ்பேசர் என்று சொல்லி ஸ்பேசருக்கான காசை வாங்கியிருந்தால் இந்தப் பதிவே இல்லை.

வாகனத்தை வேலைக்குக் கொடுப்பதற்கு முன் மட்டமான தரையில் நிறுத்தி, சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து மேலே மட்காட் விளிம்புவரை நான்கு பக்கமும் அளந்து படம் எடுத்துவையுங்கள். தரையிலிருந்து அளந்தால் டயர் காற்று கணக்கைக் குழப்பும். ஸ்பிரிங்கிலும் ஷொக்கிலும் உள்ள பார்ட் நம்பரைப் பற்றுச்சீட்டில் எழுதச் சொல்லுங்கள், வாகனத்தில் பூட்டியபிறகு அதே நம்பரைக் குனிந்து பாருங்கள். பழைய சாமானை வாகனத்தின் பின்பெட்டியிலேயே போட்டுத் தரச் சொல்லுங்கள். ஆர்மின் ரப்பர் புஷ் போல்ட்டுகளை வாகனம் தரையில் நிற்கும்போதுதான் கடைசியாக இறுக்க வேண்டும். தொங்கவிட்டு இறுக்கினால் ரப்பர் முறுகிச் சீக்கிரம் வெடிக்கும். பின்பக்கத்தையும் உயர்த்துவோம் என்று பின் ஸ்பிரிங்கைச் சட்டத்தோடு இணைக்கும் ஷெகலை நீளமாகப் போட வந்தால், பின் அக்ஸிலோடு இணைந்த பிரேக் வால்வு உங்கள் வாகனத்தில் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் அதைத் திருத்திப் பூட்ட வேண்டும். இல்லாவிட்டால் வாகனம் வெறுமையாக இருப்பதாக எண்ணி அது பின் பிரேக்கைக் குறைத்துவிடும்.

அடுத்து, நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை. 1977க்கு அழைக்கலாம், ஆனால் அதோடு நிற்காமல் எழுத்தில் கொடுங்கள். வேலை செய்த நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். 'செட்டாகும், செட்டாகும்' என்று கடைக்காரர் இழுப்பது இந்தக் கெடுவைக் கடத்துவதற்கும் உதவும். நான் பற்றுச்சீட்டு, அலைன்மென்ட் தாள், நகத்தால் கீறிய ஸ்பிரிங்கின் படம், பாஸ் எழுதித் தந்த குறிப்பு எல்லாவற்றையும் இணைத்திருக்கிறேன். அலுமினியத் துண்டுகள் இரண்டையும் கழற்றி வீட்டில் வைத்திருக்கிறேன். விசாரணைக்குக் கூப்பிட்டால் மேசையில் வைக்கலாம். கெப் இப்போது பழைய உயரத்தில்தான் ஓடுகிறது, புது ரப்பர் பூட்டோடு.