ஆகஸ்ட் 15-க்கு ஒரு மைக்செட்

காரைக்குடி செக்காலைச் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், பெயர்ப்பலகைகூட இல்லாத ஓட்டுக் கொட்டகையில் இயங்கும் மைக்செட் நிலையத்தின் சேவையைப் பற்றியது இந்த மதிப்பீடு. உரிமையாளர் அறுபதைத் தாண்டியவர். இப்பகுதியில் அவரை யாரும் பெயர் சொல்லி அழைப்பதில்லை. ‘மைக்செட் அண்ணே’ என்றால் போதும். குறைகளையும் எழுதப் போவதால் நானும் பெயரைத் தவிர்க்கிறேன்.

தேவகோட்டைக்கும் காரைக்குடிக்கும் இடைப்பட்ட எங்கள் கத்தோலிக்கப் பங்கின் பாதுகாவலி பரலோக மாதா. அன்னை மரியாவின் விண்ணேற்புப் பெருவிழா ஆகஸ்ட் 15 அன்று வருவதால், திருப்பலி முடிந்த கையோடு அதே முற்றத்தில் தேசியக் கொடியும் ஏறும். ஆகவே 14-ஆம் தேதி இரவு சப்பரப் பவனி, மறுநாள் காலை பாடற்பூசை, அதைத் தொடர்ந்து கொடியேற்றம், மாலையில் கொடியிறக்கம் என ஒன்றுக்கொன்று ஒட்டாத நான்கு நிகழ்ச்சிகளுக்கு ஒரே ஒலியமைப்பு தேவைப்பட்டது. ஜெனரேட்டருக்கான டீசல் நீங்கலாக இரண்டு நாளுக்கும் சேர்த்து 14,000 ரூபாய்க்குப் பேசி முடித்தோம்.

பல ஆண்டுகளாகப் பாடகர் குழுவை நடத்திவரும் எனக்கு மைக்செட் என்றாலே ஒரு கசப்பு உண்டு. முன்பு வேறோர் ஊரிலிருந்து வந்த ஒருவர், நற்கருணை வழங்கும் வேளையில் நாங்கள் தொடங்கிய பாட்டை அமுக்கிவிட்டுத் தம்மிடமிருந்த பக்திப் பாடலைப் போட்டுவிட்டார். கேட்டதற்கு, ‘உங்க சத்தம் பத்தல சார்’ என்றார். அந்த அனுபவத்தால் இம்முறை நான் கட்டளைகளை ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டே போனேன். தாளை வாங்குவதற்கு முன்பே அவர் கேட்ட முதல் கேள்வி இது: ‘பூசையில எங்கெங்க சத்தமே இருக்கக்கூடாதுன்னு சொல்லுங்க, மத்ததை நான் பாத்துக்கிறேன்.’ ஆடி மாதம் முழுவதும் மாரியம்மன் கோயில்களுக்கும், மீலாது விழாவுக்குப் பள்ளிவாசலுக்கும், ஆவணியில் பிள்ளையார் சதுர்த்திக்கும் குழாய் கட்டிப் பழகியவர் அவர். சட்டைப் பையில் மூன்று பென்டிரைவ். ஒன்றில் மஞ்சள் நூல், ஒன்றில் பச்சை நூல், எங்களுக்கானதில் வெள்ளை நூல். ஒன்றின் பாட்டை இன்னொன்றில் கலப்பதில்லை என்பது அவருடைய தொழில் ஒழுக்கம்.

முதலில் ஒலியின் தரம். எங்கள் கோயிலுக்குச் சுண்ணாம்புச் சாந்துச் சுவர், உயர்ந்த கூரை, ஆத்தங்குடி டைல்ஸ் பதித்த தரை. பார்க்க அழகானவை, பேச்சுக்கோ பகைவர்கள். சொன்ன சொல் அடங்குவதற்குள் அடுத்த சொல் அதன்மேல் ஏறிவிடும் என்பதால், வாசகம் வாசிப்பவர் என்ன சொன்னார் என்பது பின்வரிசைக்கு எட்டவே எட்டாது. வழக்கமாக வருபவர்கள் பீடத்தின் இருபுறமும் ஆளுயரப் பாக்ஸ்களை நிறுத்தி, எட்டவில்லை என்றதும் ஒலியை ஏற்றுவார்கள். ஏற்ற ஏற்ற எதிரொலியும் சேர்ந்து ஏறும். இவர் பெரிய பாக்ஸ்களை வெளியே முற்றத்துக்கு அனுப்பிவிட்டு, உள்ளே தூணுக்கு ஒன்றாக நான்கு சிறிய பாக்ஸ்களைக் கட்டி, முகத்தைச் சற்றே கீழ்நோக்கிச் சாய்த்து, எல்லாவற்றையும் மெதுவாகவே வைத்தார். கேட்பவருக்கு அருகிலிருந்து வரும் குறைந்த ஒலி, கூரையை அடித்துத் திரும்பும் ஒலியை முந்திக்கொண்டு காதில் விழுகிறது என்பதே இதன் சூட்சுமம். முதல் முறையாக எங்கள் ஊர்ப் பாட்டிமார் கடைசி வரிசையில் அமர்ந்து முழு வாசகத்தையும் கேட்டார்கள். ஆம்ப்ளிஃபயருக்கு 12 வோல்ட் பேட்டரி இணைப்பும் கொடுத்திருந்தார். அதற்கு வேலை வரவில்லை.

திருப்பலியில் அவர் தாமாக எதையும் ஒலிக்கவிடவில்லை. எங்கள் குழுவில் கீபோர்டு, தபேலா, ஒரு ஜால்ரா, அவ்வளவுதான். குரலின்றி இசை மட்டும் பதிந்த மைனஸ் டிராக் வேண்டாம் என்று நான் சொன்னபோது குழுவின் இளையவர்களுக்கு வருத்தம். எனக்குப் புதிய மெட்டுகள்மீது பகை ஏதும் இல்லை. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் பெத்லகேம் குறவஞ்சி இயற்றியபோது, அரண்மனையும் தெருவும் ஒருசேர ரசித்த நாடக வடிவத்தைத்தான் கிறிஸ்துவுக்காக எடுத்துக்கொண்டார். அன்றைக்கு அதுவே மக்கள் இசை. ஆனால் மைனஸ் டிராக்கின் வேகத்தை எங்கோ ஓர் அறையில் இருந்தவர் தீர்மானித்துவிட்டார். அது நமக்காக நிற்காது. இரண்டாம் அடியில் மூச்சு வாங்கும் கிழவிக்காகவும் நிற்காது. 1963 டிசம்பர் 4-இல், கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட திருவழிபாட்டு ஏடு மக்களின் முழுமையான பங்கேற்பையே பெரிதாக வலியுறுத்துகிறது. பாட்டு பழையதா புதியதா என்பதைவிட மக்கள் வாய் திறக்கிறார்களா என்பதே என் அளவுகோல். மைக்செட் அண்ணன் பாடகர் குழுவின் ஒலியைக் கொஞ்சம் தாழ்த்தியே வைத்திருந்ததால் மக்களின் குரல் மேலெழுந்தது. இதை நான் கேட்காமலே செய்தார்.

பவனியைப் பற்றி இப்படிச் சொல்ல முடியவில்லை. முந்தின இரவு சப்பரத்தோடு சென்ற வண்டியை உதவியாளரான இளைஞரிடம் ஒப்படைத்துவிட்டு அவர் முற்றத்தில் தங்கிவிட்டார். தெருமுனை திரும்பியதும், செபமாலை நடந்துகொண்டிருக்கும்போதே, நடன மெட்டில் அமைந்த ஒரு கிறிஸ்தவப் பாடல் நெஞ்சுக்கூட்டை அதிரவைக்கும் அடிநாதத்தோடு கிளம்பியது. இளைஞர்கள் ஆடினார்கள், செபமாலை சொன்ன பெண்கள் பத்தாவது மணியா பதினொன்றாவது மணியா என்று தெரியாமல் நின்றார்கள். பாட்டின்மீது குறையில்லை, வைத்த இடம்தான் தவறு. சப்பரம் கோயிலுக்குத் திரும்பிய பிறகு அதையே போட்டிருந்தால் நானும் கைதட்டியிருப்பேன். இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்ற விதியை மட்டும் மணி பார்த்துக் காத்தார்கள்.

கொடியேற்றத்தில் இன்னொரு சிறு சிக்கல். அலங்காரத்துக்காக மேடை மேசைமீது மூவண்ணத் துணியை அசோகச் சக்கரத்தோடு விரித்திருந்தார்கள். கொடியை மேசை விரிப்பாகப் பயன்படுத்துவதைக் கொடிச் சட்டம் தடுக்கிறது என்றதும், அண்ணன் மறுபேச்சின்றி எடுத்து மடித்து வைத்தார். தமிழ்த்தாய் வாழ்த்துக்கும் தேசிய கீதத்துக்கும் பதிவு வேண்டாம், பிள்ளைகளே பாடட்டும் என்று முன்பே சொல்லியிருந்தோம். தமிழ்த்தாய் வாழ்த்தை மாநிலப் பாடலாக அறிவித்த 2021 டிசம்பர் அரசாணை, இசைத்தட்டைத் தவிர்த்து வாயால் பாடுவதையே விரும்புகிறது. ஒரே மைக்கைப் பிள்ளைகளுக்கு முன்னால் இரண்டு முழத் தொலைவில் வைத்தார். வாழ்த்தின் 55 வினாடியும் கீதத்தின் 52 வினாடியும் ஏறக்குறையச் சரியாகவே கழிந்தன.

அந்த 52 வினாடிகளுக்குப் பிறகுதான் உதவியாளரின் இரண்டாவது தவறு. கூட்டத்தின் ஓரத்தில், வேறொரு சபையைச் சேர்ந்த ஒரு குடும்பம் அசையாமல் எழுந்து நின்றதே தவிர வாய் திறந்து பாடவில்லை. ‘பாடாம நிக்கிறவங்க இந்த நாட்டு ஆளுங்க இல்லையா?’ என்று அவர் மைக்கிலேயே கேட்டுவிட்டார். கேரளத்தில் தேசிய கீதத்துக்கு எழுந்து நின்றும் மனச்சாட்சியின் பொருட்டுப் பாடாத மூன்று பிள்ளைகளைப் பள்ளி நீக்கியது. அவர்களை மீண்டும் சேர்க்குமாறு உச்ச நீதிமன்றம் 1986-இல் தீர்ப்பளித்தது. எழுந்து நின்று மரியாதை செய்வது போதும் என்பது அதன் சாரம். நாங்கள் பாடுகிறோம், மகிழ்ந்தே பாடுகிறோம். அதனாலேயே பாடாதவரைக் கேள்வி கேட்கும் உரிமை நமக்கு வந்துவிடாது. அண்ணன் மைக்கைப் பிடுங்கிக்கொண்டு, ‘மன்னிக்கணும், பய தெரியாமச் சொல்லிட்டான்’ என்று தாமே அறிவித்தார். அவருடைய வயதுக்கு அது எளிதான காரியமன்று.

இடையிடையே வாசிப்பதற்காக நான் எழுதிக் கொடுத்த குறிப்புகளையும் அவரே வாசித்தார்: தஞ்சாவூரில் பிறந்து காந்தியப் பொருளாதாரத்துக்கு உழைத்த ஜே. சி. குமரப்பா, கள்ளர் சமூகத்தாருக்காக, பிறப்பாலேயே குற்றவாளி என்று முத்திரை குத்திக் கைரேகை வாங்கிய குற்றப் பரம்பரைச் சட்டத்தை எதிர்த்து வாதாடிய மதுரை வழக்கறிஞர் ஜார்ஜ் ஜோசப். ஜோசப்புக்கு அம்மக்கள் வைத்த ‘ரோசாப்பூ துரை’ என்ற பெயர் வந்ததும் நிறுத்தி, ‘எங்க அப்பத்தா ரேகைச் சட்டம்னு சொல்லும், அந்த துரையா இவரு?’ என்று மைக் திறந்திருப்பதை மறந்து என்னைக் கேட்டார். ஊரே கேட்டது.

இந்தச் சேவைக்கு நான் கூடுதல் மதிப்பெண் தருவது மிட்டாய் கொடுக்கும் வேளையில் அவர் போட்ட பாட்டுக்காக. நான் சொன்ன பாட்டு அன்று, அவராகவே தேர்ந்தது. ‘ஆடுவோமே பள்ளுப் பாடுவோமே, ஆனந்த சுதந்திரம் அடைந்துவிட்டோம் என்று’ என்னும் பாரதியின் பாடல், டி. கே. பட்டம்மாள் குரலில், ‘நாம் இருவர்’ படத்திலிருந்து. ‘இது நம்ம ஊரு பாட்டு சார்’ என்றார். உண்மைதான். ஏ. வி. எம். ஸ்டூடியோ சென்னைக்குப் போவதற்கு முன், காரைக்குடியை ஒட்டிய தேவகோட்டை ரஸ்தாவில் இருந்தபோது உருவான படம் அது. 1947 ஜனவரியில், அதாவது விடுதலைக்கு ஏழு மாதம் முன்பே திரைக்கு வந்துவிட்டது. பாரதியோ 1921-லேயே மறைந்தவர். அவர் ‘அடைந்துவிட்டோம்’ என்று எழுதியபோது வெள்ளைக்காரன் சட்டம் அப்படியே நின்றது. படத்தைப் பார்த்த மக்கள் கைதட்டியபோதும் கொடி மாறவில்லை.

அதைக் கேட்டுக்கொண்டு நின்றபோது, ஒரு மணி நேரத்துக்கு முன் உள்ளே வாசித்த நற்செய்தி நினைவுக்கு வந்தது. விண்ணேற்புப் பெருவிழாவுக்குரிய வாசகம் லூக்கா முதல் அதிகாரம். எலிசபெத்தின் வீட்டில் மரியா பாடும் பாடல். கடவுள் வலியோரை அரியணையிலிருந்து இறக்கிவிட்டார், பசித்தோரை நிறைத்துவிட்டார் என்று, நடந்து முடிந்த செய்தியைச் சொல்வதுபோலவே அந்தக் கிராமத்துப் பெண் பாடுகிறாள். ஏரோது அப்போதும் அரியணையில்தான் இருந்தான்; நாடு உரோமையர் பிடியில்தான் இருந்தது. வராததை வந்ததாகப் பாடும் துணிவு இரண்டு பாடலிலும் ஒன்றுதான். இத்தனை ஆண்டுகள் ஒரே நாளில் இரண்டையும் கேட்டும் எனக்கு அது தோன்றியதில்லை. பள்ளு என்பது வயலில் உழைக்கும் மக்களின் வாழ்க்கையைப் பாடும் வடிவம் என்பதையும் சேர்த்து எண்ணும்போது, சிலர் கோயில் முற்றத்தில் சினிமாப் பாட்டா என்று முகம் சுளித்தது எனக்குப் பொருட்படுத்தத் தக்கதாகத் தெரியவில்லை. பங்குத்தந்தை அதை இன்னொரு முறை போடச் சொன்னார்.

மாலையில் கொடியிறக்கத்துக்கு என்ன போடுவது என்று அண்ணன் கேட்டார். ‘என்னோடிரும், மா நேச கர்த்தரே’ என்ற ஞானப்பாட்டின் இசையைக் கேட்டேன். சீர்திருத்தச் (புராட்டஸ்டண்ட்) சபையாரின் ‘பாமாலை’ என்னும் பாட்டு நூலில் உள்ளது; எங்கள் பங்கில் பலருக்குப் பழக்கமில்லை. காந்தியடிகளுக்குப் பிடித்த பாடல் என்பதால் ஆண்டுதோறும் ஜனவரி 29 அன்று தில்லியில் நடக்கும் படைகள் பாசறை திரும்பும் நிகழ்ச்சியில் 1950 முதல் இதன் இசை ஒலித்துவந்தது, 2022-இல் நிறுத்திவிட்டார்கள். அவர் வெள்ளை நூல் பென்டிரைவைத் தேடி எடுத்து, முதல் நான்கு சுரம் கேட்டதும், ‘அட, தூர்தர்ஷன்ல கேட்டது’ என்று ஒலியை இன்னும் குறைத்தார். முற்றத்தில் எண்ணி இருபது பேர்தான் இருந்தோம். கொடி இறங்கி, மடித்து, பங்குத்தந்தையின் கைக்குப் போகும்வரை இசை நீண்டது. பிறகு எந்த அறிவிப்பும் செய்யாமல் அவர் சுவிட்சை அணைத்தார்.

அமர்த்த எண்ணுபவர்களுக்கு: ஆடி முழுவதும் அம்மன் கோயில் விழாக்களுக்கு அவர் கட்டுண்டிருப்பார் என்பதால் ஆனியிலேயே முன்பணம் கொடுத்துவிட வேண்டும். ரசீது கேட்டால் காலண்டர் தாளின் பின்புறத்தில் எழுதித் தருவார்; கணக்கு வைக்கும் பங்குப் பேரவைக்கு இது தலைவலிதான். பவனி இருந்தால், வண்டியோடு அவரே வர வேண்டும் என்று பேச்சிலேயே முடித்துக்கொள்ளுங்கள். நாங்கள் அடுத்த ஆண்டுக்கு 1,000 ரூபாய் கொடுத்துவிட்டோம்.