ஆழ்கடல் போட்டுக்கு எது: போன் எஸ்ஓஎஸ்ஸா, டிஏடியா, ஈபெர்ப்பா?

2017 நவம்பர் கடைசியில ஒக்கி புயல் அடிச்சப்போ கன்னியாகுமரி மாவட்டத்துல தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை ஆளுங்க நிறைய பேர் ஏற்கெனவே தங்கல் தொழிலுக்கு (நாள் கணக்குல கடல்லயே தங்கி மீன் பிடிக்கிறது) ரொம்ப தூரம் போயிட்டாங்க, அங்க செல்போனும் எடுக்காது கரையில இருக்குற விஎச்எஃப் ரேடியோவும் எட்டாது. ஆபத்துல உதவி கேக்க எந்தக் கருவி வாங்கணும்ங்கிற இந்தக் கணக்கு அந்த மாதிரி போட்டுக்குத்தான், காலையில போய் மதியம் திரும்புற வள்ளத்துக்கு இல்ல.

ஐபோன்ல சேட்டிலைட் எஸ்ஓஎஸ் இருக்கேன்னு கேப்பாங்க. 2022ல அமெரிக்கா, கனடாவுல ஆரம்பிச்சது, இங்க வேலை செய்யாது. வெளிநாட்டுல இருந்து சேட்டிலைட் மெசஞ்சர் வாங்கிட்டு வரலாம்னா, அனுமதி இல்லாம வெச்சிருந்தாலே கேஸ். ஸோ அதை விடுங்க.

டிஏடிங்கிறது (DAT) ஆபத்துன்னா சேட்டிலைட் வழியா தகவல் அனுப்புற கருவி, இஸ்ரோ பண்ணது. தீ, போட்டு முழுகுது, உடம்பு முடியலன்னு என்ன ஆபத்தோ அதுக்கான பட்டனை அமுக்கினா இன்சாட் சேட்டிலைட் வழியா பெங்களூரு சென்டருக்குப் போய் அங்கிருந்து கோஸ்ட் கார்டுக்குப் போகும். பழசுல போச்சா இல்லையான்னே தெரியாம உக்காந்திருக்கணும், 2024 ஜனவரியில வந்த புதுசுல கரையில இருந்து பதில் வருது, புயல் எச்சரிக்கையும் வரும், மீன் எங்க கிடைக்கும்னும் வரும். சும்மா நாள்லயும் உபயோகப்படுறதால மூலையில தூங்காது, எனக்கு இதுதான் பெரிய ப்ளஸ்ஸா படுது.

ஆனா நடுராத்திரி கப்பல் இடிச்சு போட்டு கவுந்தா பட்டனை யார் அமுக்குவா?

அங்கதான் ஈபெர்ப் (EPIRB), அதாவது சேட்டிலைட்டுக்கு ஆபத்து சிக்னல் அனுப்புற மிதக்கும் பீக்கன். தானா கழண்டுக்கிற மாடலா பாத்து வாங்கணும், போட்டு முழுகி 4 மீட்டர் ஆழம் போறதுக்குள்ளயே தண்ணி அழுத்தத்துல கழண்டு மேல மிதந்து 406 மெகாஹெர்ட்ஸ்ல கத்த ஆரம்பிச்சிடும், 48 மணி நேரமாவது கத்தும். ஜிபிஎஸ் இல்லாத பீக்கனா இருந்தாலும் கீழ் சுற்றுப்பாதையில ஓடுற சேட்டிலைட்டு டாப்ளர் கணக்குப் போட்டு (சேட்டிலைட்டு நகர நகர சிக்னலோட அலைவரிசை மாறுறதை வெச்சு) சுமார் 5 கிலோமீட்டருக்குள்ள இடத்தைச் சொல்லிடும், ஜிபிஎஸ் இருந்தா 100 மீட்டர் அளவுக்கு வந்துடும். இந்த சிக்னலைப் பிடிக்கிறது பனிப்போர் நேரத்துல அமெரிக்காவும் சோவியத்தும் கனடா, பிரான்ஸோட கைகோத்து ஆரம்பிச்ச சேட்டிலைட் சிஸ்டம், 1982ல கனடாவுல விழுந்த ஒரு குட்டி பிளேன்ல இருந்த 3 பேர்தான் முதல்ல பொழைச்சது. குறைன்னா, சில மாடல்லதான் பதில் வரும், என்ன ஆபத்துன்னு விவரமும் சொல்லாது.

தங்கலுக்குப் போற போட்டுல ரெண்டும் இருக்கணும்பேன். காசு ஒண்ணுக்குத்தான் இருக்குன்னா ஈபெர்ப், கவுந்து முழுகுற போட்டுல அது மட்டும்தான் யாராவது பட்டனை அமுக்கணும்னு எதிர்பாக்காது. வாங்கினதும் பதிவு பண்ணுங்க, சிக்னல் வந்ததும் அந்தப் பதிவுல இருக்குற நம்பருக்குத்தான் போன் அடிச்சு விசாரிப்பாங்க. செகண்ட் ஹேண்ட் போட்டோட வந்த பீக்கன்னா பழைய ஓனர் பேரை மாத்திடுங்க, பேட்டரி எக்ஸ்பைரியையும் பாத்துக்கோங்க.