கான்சாஸ் கோதுமை ஊரில் குடித்தனம்: குட்லேண்ட் அனுபவம்

அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தின் வடமேற்கு மூலையில், கொலராடோ எல்லைக்குப் பக்கத்தில், ஐ-70 நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கும் ஊர் குட்லேண்ட். மக்கள்தொகை 5,000-க்கும் கீழே. கணவரின் வேலைக்காக வந்தோம், வருடங்கள் ஓடிவிட்டன. குடிவர யோசிப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் காற்று. தடுக்க மலையும் இல்லை, மரமும் அதிகம் இல்லை. கார்க் கதவைக் கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டுதான் திறக்க வேண்டும், விட்டால் கீல் வளைந்துவிடும். குப்பைத்தொட்டியை அடுத்த தெருவில் போய்த் தேடலாம். போகப்போகப் பழகிவிடும் என்றார்கள். எனக்குப் பழகவில்லை.

நேரம் இன்னொரு கூத்து. கான்சாஸில் எங்கள் ஷெர்மன் கவுண்டியோடு (நம்மூர் மாவட்டம் மாதிரி) சேர்த்து நான்கே கவுண்டிகள் மவுண்டன் நேரத்தில் இருக்கின்றன, மீதி எல்லாம் சென்ட்ரல். கிழக்கே பக்கத்து ஊரான கோல்பியில் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால் ஓடும். அங்கே பல் டாக்டரிடம் அப்பாயின்ட்மென்ட் வாங்கினால் "உங்க நேரமா, எங்க நேரமா?" என்று கேட்டுவிடுவது நல்லது.

பால், முட்டை, மாட்டிறைச்சிக்குக் குறைவில்லை. உளுந்து, கறிவேப்பிலை என்றால் டென்வர் பக்கம்தான் போக வேண்டும், ஒரு வழியே சுமார் 300 கிலோமீட்டர். அதனால் வந்தவுடன் பெரிய ஃப்ரீசர் ஒன்று வாங்கிவிடுங்கள். விவசாயியிடம் பாதி மாட்டை மொத்தமாக வாங்கி அடுக்கிவைக்கும் ஊர் இது, ஃப்ரீசர் இல்லாத வீட்டைத்தான் விசித்திரமாகப் பார்ப்பார்கள். குழாயில் வருவது ஒகல்லாலா என்ற நிலத்தடி நீர்ப்படுகையின் தண்ணீர். கெட்டிலுக்குள் வெள்ளையாகப் படிந்துவிடும், அடிக்கடி வினிகர் ஊற்றிக் கழுவ வேண்டும். மக்காச்சோளத்துக்கும் இதே நீரைத்தான் இறைக்கிறார்கள், மட்டம் இறங்கிக்கொண்டே போகிறது. எனக்கு இங்கே உண்மையான கவலை இதுதான்.

பனிப்புயல் வந்தால் நெடுஞ்சாலைக்கு கேட் போட்டு மூடிவிடுவார்கள். லாரிக்காரர்களும் பயணிகளும் ஊருக்குள் வந்து குவிவார்கள், மோட்டல்கள் நிரம்பிவிடும், கடையில் ரொட்டி தீர்ந்துபோகும். வானிலை அறிக்கையில் புயல் என்ற சொல் வந்த அன்றே சாமான் வாங்கிவிட வேண்டும்.

மனிதர்கள்? எதிரே வரும் பிக்கப்காரர் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்குவார். அதுதான் வணக்கம், திருப்பித் தூக்காவிட்டால் நினைவில் வைத்திருப்பார். உடம்பு சரியில்லை என்றால் கேட்காமலே கேசரோல், அதாவது தட்டில் கலந்து அடுப்பில் சுட்ட உணவு, வந்துவிடும் (அதில் பாதிக்கு மேல் காளான் சூப்தான், சரி, மனசு நல்ல மனசு). ஆனால் நீங்கள் எங்கே போனீர்கள், யார் வீட்டுக்கு வந்தார்கள் என்பதும் ஊருக்கே தெரியும். தனியாக விட்டால் போதும் என்பவர்களுக்கு இந்த ஊர் ஒத்துவராது.

ஊரில் 80 அடி உயர ஈசலில் (ஓவியத்தை நிறுத்திவைக்கும் தாங்கி) வான்கோவின் சூரியகாந்தி ஓவியப் பிரதி நிற்கிறது. போகிறவர்கள் இறங்கிப் படம் எடுப்பார்கள். நீங்கள் வீடு பார்க்க வருவதானால் ஜூனில் விளைந்த கோதுமையைப் பார்த்து மயங்கி முடிவெடுக்காதீர்கள். மார்ச், ஏப்ரலில் வாருங்கள், அப்போதுதான் காற்று சரியான வேகத்தில் அடிக்கும்.