டயல் ஸ்டாண்டை ரிப்பேருக்குக் கொடுக்கப் போறீங்களா? ஒரு நிமிஷம்

வீட்டில் லேத் (கடைசல் மெஷின்) போட்டு வேலை பார்க்கிறவர்கள், டயல் கேஜ் (சுற்றும் சாமான் எவ்வளவு ஆடுகிறது என்று முள்ளால் காட்டும் அளவுக் கருவி) மாட்டும் ஹைட்ராலிக் ஸ்டாண்டை வெளியே சரி பண்ணக் கொடுப்பதாக இருந்தால் இதைப் படித்துவிட்டுக் கொடுங்கள். எனக்கு 1,450 ரூபாயும் ஒரு பம்பு ஷாஃப்டும் போச்சு. சொந்தக்காரர் முன்னால் தலைகுனிந்து நின்றது தனிக் கணக்கு.

பாபநாசம் பக்கம் எங்கள் ஊர். கொல்லையில் மாட்டுக்கொட்டகை இருந்த இடத்தில் நாலரை அடி லேத். ஸ்டாண்டு, பழைய சாமான் கடையில் எடுத்தது. அடியில் காந்தம், மேலே இரண்டு கை, நடுவில் ஒரே ஒரு குமிழ். அதைத் திருகினால் மூன்று ஜாயிண்டும் ஒன்றாக இறுகும். கைகளுக்குள் எண்ணெய் இருக்கிறது. குமிழ் ஒரு சின்ன பிஸ்டனைத் தள்ளும், அந்த அழுத்தம் இரண்டு முனைக்கும் போய் அங்கே இருக்கும் குண்டை நெருக்கிப் பிடிக்கும். பள்ளிக்கூடத்தில் படித்த பாஸ்கல் விதிதான். ஆனால் எண்ணெய் கசிந்து உள்ளே காற்று புகுந்துவிட்டால், நீங்கள் திருகுவதெல்லாம் காற்றை அமுக்கத்தான் சரியாக இருக்கும். என் ஸ்டாண்டு அப்படித்தான் தூங்கி விழ ஆரம்பித்தது.

திருச்சியில் ஒரு பட்டறையில் கொடுத்தேன். ஒரு மாதம் இழுத்தடித்துத் தந்தார்கள். "சீல் செட் புதுசு, ஆயில் புதுசு. பத்து வருஷத்துக்குத் தொட வேணாம்ணே." ஆட்டிப் பார்த்தேன், கல்லு மாதிரி நின்றது. தொகையை மட்டும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதித் தந்தார். பில் கேட்க அப்போது தோன்றவில்லை.

ஜூன் முதல் வாரம். மேட்டூர் 12ஆம் தேதி திறப்பார்களா மாட்டார்களா என்று டீக்கடையில் பேச்சு ஓடுகிற நேரம். சித்தப்பா முறை ஒருவர் ஆயில் இன்ஜின் பம்பு ஷாஃப்டைக் கொண்டுவந்தார். 6305 பேரிங் உட்காரும் 25 மி.மீ. இடம் தேய்ந்திருந்தது. "நாத்தங்கால் காயுதுடா, நாளைக்கே குடுத்துரு" என்றார். வெல்டு வைத்து, லேத்தில் சாமானைப் பிடித்துச் சுற்றும் நாலு தாடை சக்கில் பிடித்து, தேயாத பக்கத்தில் டயலை வைத்து ஒரு கோட்டுக்குள், அதாவது 0.01 மி.மீ.க்குள், கொண்டுவந்து கடைந்தேன். பேரிங் ஏற்றிச் சுற்றிப் பார்த்தால் ஆடுகிறது. பக்கத்துப் பட்டறையிலிருந்து சாதாரண ஸ்டாண்டு வாங்கி வைத்தால் முள் 14 கோடு போய் வருகிறது. அதில் பாதி, சென்டரே 0.07 மி.மீ. விலகியிருக்கிறது!

நடந்தது இதுதான். நான் சக்கைச் சுற்றச் சுற்ற ஸ்டாண்டு மெல்ல இறங்கியிருக்கிறது. அந்த இறக்கத்தை ஷாஃப்டின் கோணல் என்று நினைத்து, நல்லா இருந்ததைத் தள்ளிவைத்திருக்கிறேன். முழுச் சுற்று வந்ததும் முள் பழைய கோட்டிலேயே நிற்கிறதா என்று பார்த்திருந்தால் அப்போதே தெரிந்திருக்கும். அவசரத்தில் பார்க்கவில்லை, அது என் தப்பு. இ.என்.8 எஃகுக் கம்பி வாங்கிப் புது ஷாஃப்டே கடைந்து கொடுத்தேன். காசு வாங்க மனசு வரவில்லை.

அப்புறம்தான் ஸ்டாண்டை உற்றுப் பார்த்தேன். நடு ஜாயிண்டைச் சுற்றிப் பெயின்ட் கொப்பளித்திருந்தது. விரலில் தொட்டு முகர்ந்தால் பிரேக் ஆயில். அதைத்தான் ஊற்றியிருக்கிறார்கள். பெயின்டை உரிப்பதோடு விடாது, இதில் எண்ணெய் கசியாமல் இருக்கப் போடுகிற நைட்ரைல் ரப்பர் வளையத்தையும் (ஓரிங்) ஊதவைக்கும். உள்ளே புது ஓரிங்கும் இல்லை. பழையதையே புரட்டிப் போட்டிருந்தார்கள், ஒரு பக்கம் தட்டையாகத் தேய்ந்த அடையாளம் அப்படியே இருந்தது. அப்படியானால் கடையில் எப்படிக் கல்லு மாதிரி நின்றது? மேல் முனையில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரை உரித்தேன். குண்டைப் பிடிக்கும் விளிம்பில் சென்டர் பஞ்சால் (இரும்பில் புள்ளி குத்தும் கூர் உளி) மூன்று குத்து. விளிம்பை உள்ளே தட்டி குண்டைச் சிக்கவைத்திருக்கிறார்கள். குமிழைத் திருகாமலே இறுக்கமாகத்தான் இருந்திருக்கும். நாலு நாள் புழங்கினால் தேய்ந்துவிடும்.

பட்டறைக்காரருக்குப் போன் பண்ணினேன். "வெயிலுக்கு லூஸ் ஆகும்ணே" என்றார். அடுத்த முறை எடுக்கவே இல்லை.

கடைசியில் நானே பிரித்தேன். பிரேக் ஆயிலும் ஹைட்ராலிக் ஆயிலும் சேராது என்பதால் ஸ்பிரிட் விட்டு இரண்டு தடவை கழுவிக் காயவைத்தேன். குத்து வாங்கிய விளிம்பை லேசாகச் சுரண்டிவிட்டேன். பள்ளத்தை அளந்து நைட்ரைல் ஓரிங் வாங்கிப் போட்டு, நடு ஜாயிண்ட் மேலே இருக்கும்படி இரண்டு கையையும் கீழே தொங்கவிட்டு 68 நம்பர் ஹைட்ராலிக் ஆயில் ஊற்றினேன். ஸ்பானரால் தட்டத் தட்டக் குமிழி வந்துகொண்டே இருந்தது. ராத்திரி முழுக்க அப்படியே விட்டு, காலையில் எண்ணெய் தளும்பத் தளும்பப் பிஸ்டனைச் செருகினேன். செலவு 300 ரூபாய்கூட வரவில்லை. இப்போது அரைச் சுற்றில் பிடிக்கிறது.

வெளியே கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால், வாங்கும்போது குமிழைத் தளர்த்திப் பாருங்கள், கை தொளதொளவென்று விழ வேண்டும். என்னுடையது விழவில்லை, நான் அதைக் கவனிக்கவில்லை. பிறகு இறுக்கி, டயலை ஒரு இரும்பில் தொடவைத்து, கையை விரலால் அழுத்திவிடுங்கள். முள் பழைய கோட்டுக்கே திரும்ப வேண்டும். கால் மணி நேரம் நின்று பாருங்கள், கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

கையில் பில் இல்லாததால் பட்டறை பெயரை இங்கே போடவில்லை. அந்தத் தட்டை ஓரிங்கையும் சீட்டையும் எடுத்து வைத்திருக்கிறேன். யாருக்காவது இதே மாதிரி ஸ்டிக்கருக்கு அடியில் மூன்று குத்து இருந்து, ஒழுங்கான பில்லும் இருந்தால் சொல்லுங்கள், 1915 நுகர்வோர் உதவி எண்ணில் சேர்ந்தே புகார் கொடுக்கலாம்.