நரம்பு தளர்ந்தால் சுண்டு: கிராப்பியோடு ஐந்து குளிர்காலம்

ஐந்தாவது குளிர்காலமும் முடிந்து, தூண்டிலுக்கு இரையாகும் மினோ என்ற சின்ன மீன்களைப் போட்டு வைக்கும் வாளியைக் கழுவிக் கவிழ்த்தாயிற்று. விரல் மரத்துப்போனது மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன்.

வீடு டெக்சாஸில், டாலஸுக்கு வடக்கே. மீன் பிடிப்பது கிழக்கே ஒன்றரை மணி நேரம் ஓட்டினால் வரும் லேக் ஃபோர்க்கில். மார்ச் முதல் அக்டோபர் வரை பாஸ் மீனுக்குப் போவேன். வீசு, சுருட்டு, மறுபடி வீசு. குளிர் வந்தால் தூண்டில் ராடு கராஜ் மூலைக்குப் போய்விடும். குளிரில் மீன் கடிக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். 2020 டிசம்பரில், கூட வேலை பார்க்கும் தூத்துக்குடி அண்ணன் ஒருவர் தன் அலுமினியப் படகில் இடம் இருக்கிறது என்று கூட்டிப்போனார். அன்றைக்குத்தான் கிராப்பியை முதலில் பார்த்தேன்.

விரித்த உள்ளங்கை மாதிரித் தட்டையான வெள்ளி மீன், உடம்பெல்லாம் கறுப்புப் புள்ளி. வெள்ளை, கறுப்பு என்று இரண்டு வகை. முதுகு முள்ளை எண்ணினால் தெரிந்துவிடும்: ஐந்தாறு இருந்தால் வெள்ளை, ஏழெட்டு இருந்தால் கறுப்பு. சட்டியில் இரண்டும் ஒன்றுதான். பக்கத்து லூசியானாவில் இதை ‘சாக்-அ-லே’ என்பார்கள், பிரெஞ்சில் பால் பை. வாய் மட்டும் ஈரக் காகிதம். பாஸுக்கு இழுக்கிற மாதிரி வெட்டி இழுத்தால் உதடு கிழிந்து தூண்டில் முள் வெறுமனே வரும். முதல் நாள் ஆறு மீனை அப்படி விட்டேன்.

லேக் ஃபோர்க் 1980இல் அணை கட்டித் தேக்கிய ஏரி, சுமார் 27,000 ஏக்கர். நிறைய மரங்களை வெட்டாமலே தண்ணீரை நிறுத்திவிட்டார்கள். செத்த மரங்கள் இன்னும் நிற்கின்றன. தண்ணீர் 50 டிகிரி ஃபாரன்ஹீட்டை நெருங்கியதும் கிராப்பி கரையை விட்டுவிட்டு ஆழத்து மரங்கள், 154ஆம் நெடுஞ்சாலைப் பாலத்துத் தூண்கள் என்று கூட்டம் கூட்டமாகப் போய் நிற்கும். 25 முதல் 40 அடி ஆழம் வரை இறங்கும். பசி குறைவு, துரத்துகிற தெம்பும் இல்லை. இரை மூக்குக்கு நேரே வந்து நின்றால்தான் வாய் திறக்கும். அதனால் வீசுகிற வேலையே கிடையாது. படகை மரத்துக்கு மேலே நிறுத்தி, இரையை நேர்கீழே இறக்கிவிட்டு, சும்மா இருக்க வேண்டும்.

அந்தச் சும்மா இருப்பது எனக்கு வரவே இல்லை. கை தானாக ராடை ஆட்டும். அண்ணன் ஒன்றுக்குப் பின் ஒன்றாக எடுத்துக்கொண்டிருந்தார்.

“அண்ணே, எனக்கு ஒண்ணுமே தொடலையே?”

“தொட்டுட்டுப் போயே போச்சு தம்பி. கையில தட்டும்னு காத்திருக்காதீங்க. நரம்பைப் பாருங்க.”

பார்த்தேன். ராடு நுனியிலிருந்து தண்ணீர் வரை விறைப்பாக நின்ற நரம்பு, அதாவது தூண்டில் நூல், ஒரு கணம் லேசாக வளைந்து தளர்ந்தது, அவ்வளவுதான். கிராப்பிக்குக் கண் மேல்நோக்கி இருக்கிறது. கீழிருந்து ஏறி வந்து இரையைக் கவ்வும்போது ஈயத்தின் எடையைத் தானே தூக்கிவிடுகிறது. இழுப்பே வராது, எடைதான் காணாமல் போகும். மணிக்கட்டை மட்டும் மேலே சுண்டினேன். பதினோரு அங்குல வெள்ளை கிராப்பி.

மேலே பார்க்கிற மீன் என்பதால் இரை அதற்கு ஓரடி மேலே நிற்க வேண்டும். கீழே போய்விட்டால் அன்றைக்குப் பட்டினிதான். ஆழம் அளக்க நான் செய்வது பழைய வழி: ரீலுக்கும் முதல் வளையத்துக்கும் நடுவே நரம்பைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தால் என் ராடில் இரண்டடி. பதிமூன்று இழுப்பு 26 அடி. மீன் கடித்த எண்ணிக்கையைச் சத்தமாகச் சொல்லிவிடுவோம், படகிலிருக்கும் மற்றவரும் அதே எண்ணிக்கைக்கு இறக்குவார்.

முதல் குளிர்காலத்தில் ஒரு தப்பும் செய்தேன். ஏழு அங்குலக் குஞ்சுகளை ‘பாவம், வளரட்டும்’ என்று திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தேன். டெக்சாஸ் முழுக்கப் பத்து அங்குலத்துக்குக் குறைந்த கிராப்பியை விட்டுவிட வேண்டும் என்பது சட்டம்தானே. பக்கத்துப் படகிலிருந்த பெரியவர் ஒருவர் நான் விட்ட மீனைக் கையால் காட்டினார். அது நீந்திப் போகாமல், கண் பிதுங்கி, மல்லாந்து மிதந்துகொண்டிருந்தது. முப்பதடிக்குக் கீழிருந்து சடாரென்று மேலே வந்தால் உள்ளே இருக்கும் காற்றுப்பை ஊதிவிடுகிறது, திரும்ப இறங்க முடிவதில்லை. அதனால்தான் லேக் ஃபோர்க்கில் டிசம்பர் 1 முதல் பிப்ரவரி கடைசி வரை தனி விதி: அளவுக் கணக்கு கிடையாது, பிடித்த கிராப்பி ஒவ்வொன்றையும் வைத்துக்கொண்டே ஆக வேண்டும், 25 சேர்ந்ததும் நிறுத்திவிட வேண்டும். பெரியவர் கோபப்படவில்லை. எனக்குத்தான் முகம் தொங்கிப்போனது. விதியைப் படிக்காமல் படகேறியது என் தப்பு.

சாமான்கள். ஐந்து வருடத்தில் வாங்கியது நிறைய, தங்கியது கொஞ்சம். ஆறடி அல்ட்ராலைட் ராடு ஒன்று, ஆறு பவுண்டு தாங்கும் நரம்பு, 1/16 அவுன்ஸ் ஜிக் (ஈயத் தலை வைத்த முள்). ஆழம் கூடிக் காற்றும் அடித்தால் 1/8. தங்க நிற மெல்லிய கம்பி முள் கட்டாயம் வேண்டும். மரத்தில் சிக்கினால் நிதானமாக இழுக்க, முள் நிமிர்ந்து வெளியே வந்துவிடும். விரலால் வளைத்து மறுபடி போடலாம். தடித்த முள் போட்ட முதல் வருடம் அந்த ஏரிக்கு எத்தனை ஜிக் தானம் கொடுத்தேன் என்று கணக்கு வைக்கவில்லை. விலை கூடிய தண்ணீர் புகாக் கையுறை ஒரு ஜோடி வாங்கினேன், மூன்றாவது வாரத்தில் தையல் விட்டது. இப்போது விரல் நுனியை வெட்டிய கம்பளிக் கையுறைதான். உயிருள்ள மினோவா பிளாஸ்டிக் ஜிக்கா என்று கேட்டால், கடும் குளிரில் மினோ, சந்தேகமே இல்லை. நான் அசையாமல் இருந்தாலும் அது அசைந்துகொள்ளும்.

ஒலியலையால் தண்ணீருக்கு அடியில் இருப்பதைத் திரையில் காட்டும் சோனார் பற்றிக் கேட்பார்கள். 2018இல் கார்மின் நிறுவனத்தின் லைவ்ஸ்கோப் என்ற சோனார் வந்த பிறகு, மீன் இரையைப் பார்த்துத் திரும்புவது வரை திரையில் நேரலையாகத் தெரிகிறது. அண்ணன் மூன்றாவது வருடம் வாங்கினார். மீன் இல்லாத மரத்தில் அரை நாள் வீணாவது நின்றது, அது பெரிய லாபம். ஆனால் திரையைப் பார்த்துக்கொண்டே நரம்பைக் கோட்டைவிட்ட நாட்களும் உண்டு. மீன் எங்கே நிற்கிறது என்று தெரிந்தும் கடிக்காத நாளில் எரிச்சல் இரட்டிப்பு. புதிதாகத் தொடங்குகிறவர் முதல் குளிர்காலத்தை இது இல்லாமல் ஓட்டட்டும் என்பேன். காசும் மிச்சம்.

எதிர்பாராத பலன் கோடையில் வந்தது. பாஸுக்குப் போகும்போதும் இப்போது கை நிதானமாக இருக்கிறது, புழு இரையை மெதுவாக நகர்த்தப் பொறுமை இருக்கிறது. குளிர்காலத்தில் மாநில வனவிலங்குத் துறை ஊர்க் குளங்களில் ரெயின்போ ட்ரவுட் மீன்களை விடுகிறது. அதே ராடு, அதே மெல்லிய நரம்பு, தக்கை ஒன்று சேர்த்தால் போதும், என் மகள் அதில்தான் பழகினாள். அப்புறம் ஒரு விஷயம்: டெக்சாஸின் சாதனை பாஸ், 18.18 பவுண்டு, 1992 ஜனவரியில் இதே ஏரியில் பேரி செயின்ட் கிளேர் பிடித்தது. அவர் அன்று மினோ போட்டு உட்கார்ந்திருந்தது கிராப்பிக்கு. ஒவ்வொரு ஜனவரியும் அண்ணன் இதைச் சொல்லாமல் நரம்பை இறக்கமாட்டார்.

சமையலில் மட்டும் இரண்டு கட்சி. வெள்ளைச் சதை, வாடை கிடையாது. நான் மின்சாரக் கத்தியால் முள்ளில்லாத துண்டுகளாக ஃபில்லே போட்டு, மிளகாய்த்தூளும் சோள மாவும் தடவிப் பொரிப்பேன். அண்ணன் செதில் சுரண்டி, முழுசாகக் கீறி, முள்ளோடுதான் வறுப்பார். என் தட்டைப் பார்த்துவிட்டு, “இது மீனா, கோழியா தம்பி?” என்பார்.