ஸ்லைடின் எடையைக் குறைத்த போட்டித் துப்பாக்கி: பல சீசன்கள் சுட்ட பிறகு

துப்பாக்கி சுடும் ரேஞ்சில் யாரைக் கேட்டாலும் ஸ்லைடின் (சுடும்போது பின்னால் போய்த் திரும்பும் மேல் இரும்புப் பகுதி) எடையைக் குறைத்தால் உதை குறையும் என்பார்கள். என் துப்பாக்கியில் செய்து, பல சீசன்கள் போட்டியில் சுட்டுப் பார்த்த பிறகு சொல்கிறேன்: உதை குறையாது. உதை கைக்கு வரும் வேகமும் அது அடங்கும் விதமும்தான் மாறும். அந்த மாற்றம் போட்டியில் நல்ல லாபம்தான். ஆனால் ஸ்பிரிங், தோட்டா, மேகசின் மூன்றையும் அதற்கேற்ப மாற்றினால்தான் அது கைக்குக் கிடைக்கும். இரும்பை வெட்டியதோடு நிறுத்திக்கொண்டால் காசு கொடுத்து வம்பை விலைக்கு வாங்கியதாகிவிடும்.

துப்பாக்கியைப் பற்றி முதலில். 2011 என்று அழைக்கப்படும் வகை. அதாவது ஜான் பிரவுனிங்கின் 1911 வடிவமைப்பையே வைத்துக்கொண்டு, இரட்டை வரிசை மேகசின் போகும்படி பிடியை அகலமாக்கியது. 5 அங்குல பேரல், 9 மில்லிமீட்டர் தோட்டா. அமெரிக்காவில் யுஎஸ்பிஎஸ்ஏ என்ற அமைப்பு நடத்தும் வேகத் துப்பாக்கிச் சுடும் போட்டிகளில், 2023ல் அறிமுகமான லிமிடெட் ஆப்டிக்ஸ் பிரிவில் சுடுகிறேன். இந்தப் பிரிவில் ரெட் டாட், அதாவது கண்ணாடியில் சிவப்புப் புள்ளி காட்டிக் குறிபார்க்க உதவும் கருவி, ஸ்லைடின் மேலேயே உட்காரும். கதை அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது.

ஓப்பன் பிரிவுத் துப்பாக்கிகளில் பெரும்பாலும் டாட் ஃபிரேமில், அதாவது நகராத கீழ்ப்பகுதியில், பொருத்தப்பட்டிருக்கும், ஸ்லைடோடு நகராது. எங்கள் பிரிவில் ஒவ்வொரு முறை சுடும்போதும் ஸ்லைடு அதையும் சுமந்துகொண்டு பின்னால் போய்த் திரும்ப வேண்டும். டிரிஜிகான் எஸ்ஆர்ஓ மாதிரி பெரிய கண்ணாடி உள்ள டாட் சுமார் 45 கிராம். அடித்தட்டு, திருகுகள் சேர்ந்தால் இன்னும் கூடும். தொழிற்சாலையில் திறந்த சைட்டுக்கென்று கணக்குப் பார்த்துச் செய்த ஸ்லைடில் இவ்வளவு எடையை ஏற்றினால் அது மந்தமாகத்தான் போகும். என் துப்பாக்கியில் அது நன்றாகவே தெரிந்தது. பலம் குறைந்த தோட்டா போட்டால் காலி கேஸ் சோம்பலாகக் காலடியில் விழும். சில நேரம் ஸ்லைடு முழுதாகப் பின்னால் போகாமலே திரும்பிவிடும்.

ஸ்லைடில் ஜன்னல் வெட்டுவதைப் பலர் அலங்காரம் என்றே நினைக்கிறார்கள். குளோக் 34 துப்பாக்கியைப் பாருங்கள். குளோக் 17ஐ விட நீளமான அதன் ஸ்லைடின் மேல்பக்கம், முன்னால், தொழிற்சாலையிலேயே ஒரு திறப்பு வெட்டியிருப்பார்கள். நீளம் கூடியதால் வந்த எடையைக் கழிக்கத்தான் அது. நான் செய்ததும் அதே கணக்குதான், ரெட் டாட் ஏற்றிய எடையைக் கழித்தேன்.

உதை ஏன் குறையாது என்பதைக் கொஞ்சம் கணக்காகப் பார்ப்போம். 124 கிரெய்ன் குண்டு என்பது ஏறக்குறைய 8 கிராம். அது வினாடிக்கு 1060 அடி, அதாவது சுமார் 323 மீட்டர் வேகத்தில் வெளியேறினால் அதன் உந்தம் வினாடிக்கு ஏறக்குறைய 2.6 கிலோகிராம் மீட்டர். அதே உந்தம் ஸ்லைடுக்கும் பேரலுக்கும் பின்பக்கமாகக் கிடைக்கிறது. மருந்துப் புகையின் பங்கு தனி, அதை இப்போது விட்டுவிடலாம். ஸ்லைடு, பேரல், டாட் எல்லாம் சேர்ந்து 560 கிராம் என்று வைத்துக்கொண்டால் பின்னோக்கிய வேகம் வினாடிக்கு 4.6 மீட்டர். அதை 500 கிராமாகக் குறைத்தால் 5.2 மீட்டர். உந்தம் மாறவே இல்லை, கடைசியில் அது முழுவதும் உங்கள் கைக்குத்தான் வந்து சேரும். மாறியது வேகமும் ஆற்றலும்: 6 ஜூலாக இருந்த ஆற்றல் 6.7 ஆகிறது. அந்தக் கூடுதலை ஸ்பிரிங் வாங்கிக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் ஸ்லைடு ஃபிரேமில் போய் மோதும்.

லாபம் திரும்பி வரும்போதுதான் கிடைக்கிறது. ஸ்லைடை முன்னால் தள்ளுவது ஸ்பிரிங். தள்ளும் ஆற்றல் அதேதான், தள்ளப்படும் எடை குறைவு. அதனால் முன்னால் வந்து பூட்டிக்கொள்ளும்போது அது கொடுக்கும் இடி குறைகிறது, துப்பாக்கியின் முனை கீழே தாழ்வதும் குறைகிறது. ஸ்பிரிங்கையும் ஒரு படி இறக்கினால் இன்னும் குறையும். வேகமாகச் சுடுகிறவருக்கு முனை மேலே எழுவதை விட இந்தத் தாழ்வுதான் பெரிய தொல்லை. இரண்டாவது குண்டு புறப்படும் நேரத்தில் முனை கீழே இருக்கும். புள்ளி நடுவில் இருப்பதாக நினைத்துச் சுடுவோம், ஓட்டை கீழே விழும்.

என் ஸ்லைடில் முன்பகுதியில் இரண்டு பக்கமும் ஜன்னல், மேலே இரண்டு ஓரமும் சாய்வாகச் சீவியது, அப்புறம் முன்பக்கம் உட்சுவரில் கொஞ்சம். இவ்வளவுதான். வேலையைச் செய்தவர் உரிமம் பெற்ற கன்ஸ்மித், அதாவது துப்பாக்கி பழுதுபார்ப்பவர். அவர் ஜன்னலின் மூலைகள் ஒவ்வொன்றையும் வளைவாக விட்டார். கூர்மையான மூலை இருந்தால் விரிசல் அங்கிருந்துதான் ஆரம்பிக்கும். ஸ்லைடின் பின்பாதியை அவர் தொடவே இல்லை. எவ்வளவு எடை கழிந்தது என்பதை விட எங்கிருந்து கழிந்தது என்பதே எனக்கு முக்கியம். கேஸ் வெளியேறும் திறப்பை ஒட்டிய சுவர், பேரல் கொக்கிகள் மாட்டும் பள்ளங்கள், ஸ்லைடு ஸ்டாப் மாட்டும் வெட்டு, இவை எல்லாம் அடி வாங்குகிற இடங்கள். 1980களின் பிற்பகுதியில் அமெரிக்க ராணுவத்தில் பெரெட்டா 92 ஸ்லைடுகள் சில முறிந்து, பின்பாதி சுட்டவர் முகத்தில் வந்து அடித்தது. எடைக் குறைப்பால் நேர்ந்ததல்ல அது. ஆனால் ஸ்லைடு முறிந்தால் அது யார் பக்கம் பறக்கும் என்பதைக் காட்டிய சம்பவம். அதற்குப் பிறகு வந்த 92எஃப்எஸ் மாடலில், முறிந்தாலும் ஸ்லைடு பின்னால் கழன்று வராதபடி ஹேமரை (தோட்டாவை வெடிக்க வைக்கும் சுத்தி) தாங்கும் பின்னின் தலையைப் பெரிதாக்கினார்கள். அழகுக்காகப் பின்பக்கம் முழுக்க ஜன்னல் வெட்டிய ஸ்லைடுகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும்.

வெட்டிய பிறகு பூச்சு கட்டாயம். புதிதாகச் சீவிய இரும்பு வியர்வை பட்டால் சீக்கிரம் துருப்பிடிக்கும். நான் டிஎல்சி என்ற கடினமான கார்பன் பூச்சு போட்டேன், இன்றுவரை குறை இல்லை.

வெட்டி வந்ததும் பழைய 10 பவுண்டு ஸ்பிரிங்கோடுதான் சுட ஆரம்பித்தேன். ஸ்லைடு போய் வருவது சுறுசுறுப்பாக இருந்தது, ஆனால் முனை இன்னும் தாழ்ந்தது. 9, 8, 7 என்று படிப்படியாக இறக்கிப் பார்த்தேன். 7ல் முன்பக்கம் அருமையாக அடங்கியது. ஆனால் பின்பக்கம் ஸ்லைடு ஃபிரேமில் மோதுவது உள்ளங்கையில் ‘டக்’ என்று தெரிந்தது, காலி கேஸ்களும் பக்கத்துச் சுடும் இடம் வரை பறந்தன. கடைசியில் 8ல் நிலைத்தேன். பலர் மறந்துவிடுகிற இன்னொன்று ஹேமர் ஸ்பிரிங். 1911 வகையில் ஸ்லைடு பின்னால் வரும்போது முதல் வேலையாக ஹேமரை மடக்க வேண்டும், அதனால் ஹேமர் ஸ்பிரிங்கும் ஒரு பிரேக்தான். டிரிகர் லேசாக இருக்கட்டும் என்று 17 பவுண்டு வைத்திருந்தேன். அதை 19 ஆக்கினதும் ஸ்லைடு திறக்கும் ஆரம்ப வேகம் கொஞ்சம் கட்டுப்பட்டது. டிரிகர் எடையில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

இப்போது புள்ளி எப்படி நகர்கிறது என்று சொல்கிறேன், உண்மையான விமர்சனம் இதுதான். வெட்டுவதற்கு முன்னால் 10 கெஜத்தில் அட்டை இலக்கின் நெஞ்சு நடுவில் புள்ளியை வைத்துச் சுட்டால், அது தலைப் பகுதிவரை எழும், இறங்கி நடுவைத் தாண்டி வயிற்றுப் பக்கம் போகும், பிறகு மெல்ல நடுவுக்கு ஏறும். அந்தக் கடைசி ஏற்றத்துக்காகக் காத்திருப்பதிலேயே நேரம் போகும். இப்போது எழும் உயரம் ஏறக்குறைய அதேதான். எழுவது முன்பைவிடச் சட்டென்று, கொஞ்சம் வலது பக்கம் சாய்ந்து. ஆனால் இறங்கி வந்து நடுவிலேயே நிற்கிறது. கீழே போவதில்லை. போனில் வினாடிக்கு 240 படம் வீதம் வீடியோ எடுத்துப் பார்த்தாலும் இதுவே தெரிகிறது. 7 கெஜத்தில் ஆறு குண்டு சுடும் பில் டிரில்லில் எனக்கு நேரம் பெரிதாகக் குறையவில்லை. இலக்கின் நடுவிலுள்ள ஏ பகுதிக்குக் கீழே வழிந்து விழும் ஓட்டைகள்தான் குறைந்தன. எங்கள் பிரிவில் எல்லோருக்கும் மைனர் (பலம் குறைந்த தோட்டாவுக்கான) மதிப்பெண்தான், ஏ என்றால் 5, அதைச் சுற்றியுள்ள சி என்றால் 3. ஒவ்வொரு சியும் இரண்டு மதிப்பெண்ணைத் தின்னும் என்பதால் எனக்கு இது போதும்.

கழித்த எடையை ஃபிரேமில் திருப்பிக் கொடுத்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். மொத்தத் துப்பாக்கி இலேசானால் அதே உந்தம் கையை இன்னும் வேகமாகத் தள்ளும். பிடியின் அடியில் மேகசின் நுழைய உதவும் புனலான மேக்வெல்லைப் பித்தளையில் போட்டேன், ஸ்பிரிங்குக்குள் போகும் கம்பியான கைட் ராடை டங்ஸ்டனில் மாற்றினேன். டங்ஸ்டன் எஃகைவிட ஏறக்குறைய இரண்டரை மடங்கு அடர்த்தி, சின்ன இடத்தில் நல்ல கனம். நகராத எடை கூடியதும் நகரும் எடை குறைந்ததும் சேர்ந்துதான் வித்தியாசம் தந்தன. ஸ்லைடை மட்டும் வெட்டி, கனம் குறைந்த பிடியோடு சுடுகிறவர்கள் ‘சுருக்கென்று உதைக்கிறது’ என்று குறை சொல்வதற்கு இதுதான் காரணம்.

தொல்லை கொடுத்தது மேகசின். ஸ்லைடு வேகமாகத் திரும்பும்போது அடுத்த தோட்டா அதற்குள் மேலே ஏறி நின்றிருக்க வேண்டும். மேகசின் ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் ஸ்லைடு தோட்டாவின் அடிப்பகுதியைப் பிடிக்காமல் மேலே தாண்டிப் போய்விடும், அல்லது தோட்டாவின் மூக்கு தாழ்ந்து சிக்கிக்கொள்ளும். கடைசி மூன்று நான்கு தோட்டாக்களில்தான் இது வரும், ஸ்பிரிங்குக்கு அங்கேதான் பலம் குறைவு. சில மேகசின்களில் கடைசித் தோட்டாவுக்குப் பிறகு ஸ்லைடு திறந்து நிற்காமல் மூடிக்கொண்டது. வெட்டுவதற்கு முன்னால் இதே மேகசின்கள் ஒழுங்காக ஓடியவை. இப்போது சீசன் தொடங்கும் முன் எல்லா மேகசின் ஸ்பிரிங்கையும் மாற்றிவிடுகிறேன், போட்டி மேகசின்களை எண் போட்டுத் தனியாக வைத்திருக்கிறேன்.

தோட்டா விஷயம். மைனருக்கு பவர் ஃபேக்டர் 125 வேண்டும். குண்டின் கிரெய்ன் எடையை வேகத்தால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் வருவது அது. 124 கிரெய்ன் 1060 அடி வேகத்தில் 131 தரும். 147 கிரெய்ன் 890 அடி வேகத்திலேயே கிட்டத்தட்ட அதே 131 தரும். காகிதத்தில் இரண்டும் ஒன்று, கையில் ஒன்றல்ல. 147க்கு மருந்து குறைவாகப் போதும், உதை தள்ளுவது மாதிரி வரும். கனமான பழைய ஸ்லைடில் அது எனக்குச் சோம்பலாகத் தெரிந்தது. எடை குறைந்த ஸ்லைடில் அருமையாகப் பொருந்துகிறது. 115 கிரெய்ன் கடைத் தோட்டாவைப் பயிற்சிக்குப் போட்டால் படபடவென்று அடிக்கும். ஓடும், ஆனால் புள்ளியின் நடை வேறு. அதனால் போட்டிக்கு ஒரு வாரம் இருக்கும்போது 147 மட்டும்தான் சுடுகிறேன். குளிர்காலக் காலை நேரத்தில் பலம் குறைந்த தோட்டாவையும் தடங்கல் இல்லாமல் இழுத்துக்கொள்கிறது. முன்பு காலடியில் விழுந்த கேஸ்கள் இப்போது ஒழுங்காக ஒரே இடத்தில் குவிகின்றன.

நாள்பட்ட தேய்மானம் என்று பார்த்தால், ஸ்லைடு மோதும் ஃபிரேம் பகுதியில் லேசான பளபளப்பு இருக்கிறது, நசுங்கல் இல்லை. ஸ்லைடைத் திருப்பித் தள்ளும் ரீகாயில் ஸ்பிரிங்கை முன்பைவிடச் சீக்கிரம் மாற்றுகிறேன். கேஸ் பறக்கும் தூரம் கூடினால் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது என்று அர்த்தம். ஜன்னல்கள் வழியாகத் தூசி உள்ளே போகும், எண்ணெய் வெளியே தெறிக்கும். மண் தரை உள்ள ரேஞ்சில் குப்புறப் படுத்துச் சுடும் ஸ்டேஜுக்குப் பிறகு முன்பகுதியைத் துடைத்தே ஆக வேண்டும். டாட்டின் திருகுகளை இன்னும் கவனமாகப் பார்க்கிறேன், ஸ்லைடின் வேகம் கூடியதால் அவை வாங்கும் அதிர்ச்சியும் கூடியிருக்கிறது. திருகுத் தலையிலிருந்து உடம்புவரை பெயின்ட் பேனாவால் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறேன், கோடு விலகினால் தளர்ந்திருக்கிறது. ஜன்னல் மூலைகளையும் கேஸ் திறப்பின் மூலைகளையும் துடைத்துவிட்டு லென்ஸ் வைத்துப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. இதுவரை விரிசல் எதுவும் இல்லை.

விதிகளைப் பார்க்காமல் யாரும் இதில் இறங்காதீர்கள். சர்வதேச அமைப்பான ஐபிஎஸ்சியின் புரொடக்‌ஷன் பிரிவில் ஸ்லைடை இப்படி வெட்டக் கூடாது. உங்கள் பிரிவின் விதிப்புத்தகத்தில் அந்தப் பத்தியை ஒருமுறை படித்துவிடுங்கள். வெட்டினால் தயாரிப்பாளர் வாரன்டி போகவும் வாய்ப்பு அதிகம். இந்தியாவில் இருந்து படிப்பவர்களுக்கு: 1959 ஆயுதச் சட்டப்படி துப்பாக்கியைப் பழுதுபார்ப்பதற்கும் மாற்றுவதற்குமே தனி உரிமம் வேண்டும், வீட்டிலோ தெரிந்த லேத் பட்டறையிலோ செய்யும் வேலை இல்லை. தற்காப்புக்கு வைத்திருக்கும் துப்பாக்கியில் எந்த நாட்டிலும் இதைச் செய்யாதீர்கள். அங்கே எந்தத் தோட்டா போட்டாலும், எவ்வளவு தூசி இருந்தாலும் ஓட வேண்டும். இது ஒரே தோட்டாவுக்குத் தீட்டி வைத்த போட்டிக் கருவி.

இன்னொரு துப்பாக்கி வாங்கினால் மறுபடியும் செய்வேனா? டாட் ஸ்லைடில் இருந்தால் செய்வேன். ஆனால் அதற்கு முன் ஒரு மாதம் ஸ்பிரிங்கையும் தோட்டாவையும் மட்டும் மாற்றி மாற்றிச் சுடுவேன். ஒரு ஸ்பிரிங்கின் விலை சில டாலர்கள், வெட்டி, பூச்சு போட்டு வாங்க சில நூறு டாலர்கள். ஸ்பிரிங்கை இறக்கியதுமே புள்ளி நடுவில் நின்றுவிட்டால் கன்ஸ்மித்திடம் போக வேண்டிய வேலையே இல்லை, அந்தக் காசுக்குத் தோட்டா வாங்குவேன்.